நஞ்சு நிலத்திற்குக் கணக்கு எங்கே?

கண்ணிவெடி அபாயம் நீங்கிய மாவட்டம் என்று இலங்கையில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட பெருமை மட்டக்களப்பிற்கு உரியது. 2017 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவ்வறிவிப்பு வெளிவந்தது. அன்றைய வைபவத்தில் மேடையேறியோர் பேசியவற்றை மக்கள் இன்று மறந்திருப்பர், மறந்தாலும் பாதகமில்லை. ஆனால் அந்த அறிவிப்பின் பின்னால் நின்ற கணக்கை மாத்திரம் நாம் மறக்கலாகாது. அரசாங்கம் பொறுப்பேற்று, அளந்து, குறித்து, முடித்து, முடிந்ததென்று எழுத்திற் கொடுத்து மக்கள் கையில் நிலத்தை ஒப்படைத்த துப்புரவு வேலை ஒன்று இந்நாட்டில் உண்டெனில் அது அதுவே.

அவ்வேலை நடந்த முறையை வாகரையிலும் படுவான்கரையிலும் காணியுள்ள உழவர் கண்ணாரக் கண்டவர்கள். முதலில் ஊராரிடம் வந்து விசாரித்தார்கள். முகாம் எங்கே இருந்தது, எந்த வரம்பில் மாடு செத்தது, எந்தப் பாதையால் மக்கள் போவதை நிறுத்தினார்கள் என்று கேட்டார்கள். கேட்டறிந்த இடங்கள் வரைபடத்தில் ஏறின. சந்தேகத்திற்குரிய நிலத்தின் எல்லை சதுர மீற்றரிற் குறிக்கப்பட்டது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நாட்டி, முளையடித்து, கயிறு கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாக மண்ணைத் துழாவிச் சென்றார்கள். இன்று இத்தனை சதுர மீற்றர் முடிந்தது, இன்னும் இத்தனை எஞ்சியது என்பது அன்றாடக் கணக்கு. வெடியை அகற்றியவர் ஒருவர். அது செவ்வனே அகற்றப்பட்டதா என்று மறுபடி சோதித்தவர் இன்னொருவர். இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். நாம் சொல்லவிருக்கும் காரியத்தின் உயிர்நாடி அதிலேதான் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களும் இராணுவப் பிரிவும் வேலை செய்தன. தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் பதிவேட்டைக் காத்தது. ஈற்றில் கையொப்பமிட்ட ஒப்படைப்புப் பத்திரம் வந்தது. அதன் பின்னரே உழவன் துணிந்து வயலில் இறங்கினான்.

அதோடு நின்றதா? 2017 டிசெம்பர் 13 ஆம் நாள் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. 2018 யூன் 1 முதல் அது நம் நாட்டைப் பிணிக்கிறது. எஞ்சிய மாவட்டங்களின் கண்ணிவெடி நிலங்களை 2028 யூன் 1 இற்குள் துப்புரவு செய்ய வேண்டும் என்பது அதன் கெடு. எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்று ஆண்டுதோறும் உலகின் முன் அறிக்கை வைக்க வேண்டும். கெடு தவறினால் ஏன் தவறிற்று என்று எழுத்தில் விளக்கி, மேலும் அவகாசம் கேட்க வேண்டும்.

மண்ணுள் புதைந்த வெடிக்கு இத்தனை கணக்கு! அதே மண்ணுள் ஊறிய எண்ணெய்க்கும், ஈயத்திற்கும், ஆலைக் கழிநீருக்கும், வைத்தியசாலைக் கழிவுக்கும் என்ன கணக்கு இருக்கிறது? வெடி ஒரு கணத்தில் காலைக் கொண்டுபோகும்; கிணற்று நஞ்சு இருபது வருடத்தில் சிறுநீரகத்தைக் கொண்டுபோகும். வேகத்தில்தான் பேதம். அரசாங்கத்தின் கண்ணில் மாத்திரம் முன்னையது அபாயமாகவும் பின்னையது வெறும் முறைப்பாடாகவும் தோன்றுவது ஏன்?

சுன்னாகத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில் தேங்கி நிற்கும் மழைநீரே அதன் ஆறும் குளமும். அந்தக் கல்லின் மேல் சுன்னாகத்தில் பல்லாண்டுகளாக மின்னுற்பத்தி நிலையம் இயங்கியது. போருக்குப் பின்னர் நோதேர்ண் பவர் என்னும் தனியார் கம்பெனியும் எண்ணெய் எரித்து மின்சாரம் தந்தது. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதக்கத் தொடங்கியது. வாளியில் அள்ளிய நீரில் மண்ணெண்ணெய் வாடை வீசுகிறதென்று மக்கள் கூறினர். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இன் பிற்பகுதியிலிருந்து 2014 இன் நடுப்பகுதி வரை அவ்வட்டாரத்தில் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன. நான்கிற் கிட்டத்தட்ட மூன்று பங்கு!

இனி என்ன நடந்தது என்று பாருங்கள். 2015 சனவரியில் மக்கள் வீதியில் இறங்கினர். மல்லாகம் நீதவான் நீதிமன்றம் கம்பெனியின் உற்பத்தியை நிறுத்துமாறு கட்டளையிட்டது. வடமாகாண சபை தன் பங்கிற்கு ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. அக்குழு அபாயகரமான பொருள்கள் எவையும் இல்லையென்ற கருத்துப்பட அறிக்கை தந்தது. ஒரு சபை எண்ணெய் இருக்கிறது என்கிறது. இன்னொரு சபையின் குழு அபாயம் இல்லை என்கிறது. வீட்டுக்காரி பிள்ளைக்கு எந்த நீரைக் காய்ச்சிக் கொடுப்பது? நம்மவர் கையில் அதிகாரம் இருந்த ஒரு சபையே மக்களின் ஐயத்தைத் தீர்க்காமல் பெருக்கியது என்பதை மறைப்பதற்கு நாம் எவருடைய சம்பளக்காரரும் அல்லர். தமிழன் ஆண்டாலும் கணக்கில்லாத ஆட்சி கணக்கில்லாத ஆட்சிதான்.

ஈற்றில் வழக்கை உயர் நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றவர் யார்? தென்னிலங்கையைச் சேர்ந்த ஒரு சிங்களச் சுற்றாடல் ஆர்வலர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்காக அவர் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். நம்முடைய சட்டத்தரணிகளின் தொகைக்குக் குறைவில்லாத ஒரு மண்ணில் இது நடந்தது என்பதைப் பெருமையோடும் சற்று நாணத்தோடும் குறித்துக்கொள்கிறோம். 2019 ஏப்ரல் 4 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீர்வழங்கல் சபையின் அறிக்கையையே நீதிமன்றம் ஆதாரமாகக் கொண்டது. கம்பெனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. நமக்கு அதனினும் பெரிதாகப் படுவது வேறொன்று: மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் இலங்கை முதலீட்டுச் சபையும் தமக்குரிய கடமையிலிருந்து தவறின என்று நாட்டின் அதியுயர் மன்றம் கூறியது. காவற்காரன் தூங்கினான் என்பதே அதன் பொருள்.

ஏன் தூங்கினான்? அதிலொரு மர்மமும் இல்லை. முதலீட்டுச் சபையின் வேலை முதலாளியை நாட்டிற்கு அழைத்து வருவது. அழைத்து வந்தவரையே, அவர் எண்ணெயை எங்கே ஊற்றுகிறார் என்று பார்த்துக்கொள்ளும்படியும் விடுகிறோம். பெண் பார்க்கப் போன தரகரிடம் பெண்ணின் குற்றத்தைக் கேட்பதுபோன்ற காரியம் இது. சுற்றாடல் அதிகாரசபையோ 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. உரிமம் வழங்குவதும் அதுவே, உரிமத்தின் நிபந்தனை மீறப்பட்டதா என்று பார்ப்பதும் அதுவே, மீறப்பட்ட பின் துப்புரவு நடக்கிறதா என்று கண்காணிப்பதும் அதுவே. உரிமம் கொடுத்த கை தன் பிழையைத் தானே எழுதுமா? கண்ணிவெடி வேலையில் அகற்றுபவர் வேறு, சோதிப்பவர் வேறு என்றோமே, அந்த ஒழுங்கு இங்கே இல்லை.

அபாயகரக் கழிவுகளுக்குச் சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 2008 பெப்ரவரி 1 ஆம் திகதிய 1534/18 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் விதிகள் வந்துள்ளன. எந்தக் கழிவு அபாயகரமானது என்று அட்டவணை இருக்கிறது. அதனை உண்டாக்குபவரும், சேர்த்து வைப்பவரும், ஏற்றிச் செல்பவரும், அழிப்பவரும் உரிமம் பெற வேண்டும் என்றும் இருக்கிறது. ஏட்டிலே குறைவொன்றுமில்லை. ஆனால் இவ்விதிகள் கழிவு கையிலிருக்கும் வரைக்கும் பேசுபவை. கழிவு ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்ட இடத்திற்கு, இன்னார் பொறுப்பு, இன்ன அளவு வரை துப்புரவு, இன்ன நாளுக்குள், இன்னார் சாட்சி என்று சொல்லும் பட்டியலே நமக்கு வேண்டியது.

சுன்னாகம் யாழ்ப்பாணத்துக் காரியம்; புளியந்தீவுக்காரருக்கு அதில் என்ன என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேட்பவர் ஒருமுறை கல்லடிப் பாலத்தில் நின்று கீழே பார்க்கட்டும். நமது வாவி 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. படுவான்கரையின் வயல்களிலிருந்து வடியும் நீரும், எழுவான்கரையின் நகர்களிலிருந்து வழியும் நீரும் ஈற்றில் அதற்குள்தான் விழுகின்றன. கடலுக்குப் போகும் வாசலோ ஒடுக்கமானது. வறண்ட மாதங்களில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். அப்பொழுது வாவி ஒரு பெருந்தொட்டி. உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும். எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் ஆழமில்லாதவை. மேலே கொட்டியது கீழே போவதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கல் இல்லையென்று நாம் நெஞ்சு நிமிர்த்த இடமில்லை.

முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவிற்கு வருகிறது. மாரியில் வெள்ளம் ஏறி வட்டைகள் மூழ்கும் காலத்தில் முகத்துவாரத்தை வெட்டிவிடு என்று உழவர் கேட்பர். வெட்டாதே, மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று மீனவர் கேட்பர். இரு சாராரும் கூடி, நீர்மட்டம் எவ்வளவு என்று அளந்து பார்த்து, அதிகாரிகள் முன்னிலையில் வாதாடி ஒரு முடிவிற்கு வருவது இந்த மாவட்டத்தின் வழமை. அளவு எல்லாருக்கும் தெரியும். ஆகவே சண்டையும் நியாயமான சண்டையாக இருக்கும். வாவி நீரின் உயரத்தை அறிய உரிமையுள்ள மக்களுக்கு அந்நீரில் என்ன கலந்திருக்கிறது என்று அறிய உரிமையில்லையா?

திருப்பெருந்துறையைப் பாருங்கள். மட்டக்களப்பு மாநகரசபை பல்லாண்டுகளாக அங்கே நகரின் குப்பையைக் கொண்டுசென்று கொட்டியது. புகையும் நாற்றமும் தாங்காது அயலவர் எழுந்து எதிர்த்தனர். குப்பையென்றால் வாழையிலையும் மரக்கறித் தோலும் மாத்திரமல்ல. பழைய மின்கலம், உடைந்த மின்குமிழ், பெயின்ற் தகரம், காலாவதியான மருந்து, கிருமிநாசினிப் போத்தல், ஊசி எல்லாம் ஒரே வண்டியில் ஏறித்தான் வருகின்றன. அவை மக்கும்போது கசியும் கறுப்பு நீரில் ஈயமும் பாதரசமும் கட்மியமும் கலந்து வரக்கூடும் என்பது எந்த இரசாயன மாணவனும் அறிந்தது. கொட்டுவதை நிறுத்துவது ஒரு காரியம். கொட்டியதைத் துப்புரவு செய்வது இன்னொரு காரியம். நமது உத்தியோகத்தர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததென்று கோவையை மூடும் பழக்கமுடையவர். மேட்டின் மேல் மண்ணைப் போட்டுப் புல் முளைத்துவிட்டால் நஞ்சு மறைந்துவிடுமா?

கோவையை மூடிவிட்டுக் குப்பையைத் திறந்து வைத்ததன் விலையை 2017 ஏப்ரல் 14 இல், சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லை மக்கள் கொடுத்தார்கள். மலைபோற் குவிந்த குப்பை வீடுகளின் மேற் சரிந்து 32 உயிர்கள் மடிந்தன. சரியும் சரியும் என்று அவ்வூரார் முன்பே கதறியிருந்தனர்.

இன்னும் வடக்கே வாழைச்சேனைக்கு வருவோம். 1956 முதல் அங்கே காகித ஆலை நடந்தது. இந்த மாவட்டத்து உழவன் விற்ற வைக்கோலைக் காரச்சோடாவில் அவித்து, வெளுத்து, நம் பிள்ளைகளின் கொப்பிக்குத் தாள் செய்த ஆலை அது. தமிழ்ப் பிரதேசத்திற்கு வந்த ஒருசில கைத்தொழில்களுள் ஒன்று என்று நாம் தலைநிமிர்ந்து பேசிய ஆலை. அதன் கறுப்புக் கழிநீர் நெடுங்காலம் களப்பிற்குட் பாய்ந்தது என்பதும் உண்மையே. போரினாலும் நிர்வாகச் சீர்கேட்டினாலும் நலிந்து மூடிக்கிடந்த ஆலையை 2022 இல் மீண்டும் இயக்கத் தொடங்கினர். நாம் ஆலைக்கு எதிரிகள் அல்லர். ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்த இடம் மறுபடி புகை கக்குவதைக் காண மகிழ்ச்சியே. ஆனால் பழைய ஆலை விட்டுச்சென்ற சேறு களப்பின் அடியில் என்ன நிலையில் இருக்கிறது என்று அளந்து, அந்த எண்ணை வாயிலில் எழுதி வைத்துவிட்டன்றோ புதிய ஆலையின் பெயர்ப்பலகையை மாட்டியிருக்க வேண்டும்? இல்லையேல் நாளை நண்டு செத்து மிதந்தால், அது பழைய நஞ்சா புதிய நஞ்சா என்று இரு கணக்காளர் இருபது வருடம் வழக்காடுவர்.

உழவர் பெருமக்களிடமும் ஒரு வார்த்தை. மருந்தடித்த போத்தலை வாய்க்காலில் எறிவது நம் வட்டைகளில் இன்னும் இருக்கும் வழக்கம். அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று மேலே சொன்னோம். வெறும் போத்தல்களை ஊர்தோறும் திரட்டி எடுக்கும் ஒழுங்கு கமநல நிலையங்களிடம் வேண்டும். அபாயகரக் கழிவை உயர் வெப்பத்தில் எரித்தழிக்கப் பயன்படும் சீமெந்துச் சூளை தீவின் மறுகரையிலுள்ள புத்தளத்தில் இருக்கிறது. இங்கிருந்து அவ்வளவு தூரம் ஒரு போத்தலைக் கொண்டுபோக எந்த உழவனால் முடியும்? ஆகவே உழவனைக் குற்றஞ்சாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் உத்தியோகத்தரையும் நாம் ஏற்பதில்லை.

பிறநாட்டார் இதை எப்படிச் செய்தார்கள்? அமெரிக்காவில் நயாகரா அருவியின் அயலில் லவ் கனால் என்றோர் இடம். இரசாயனக் கம்பெனி புதைத்த பீப்பாய்களின் மேல் வீடும் பள்ளியும் கட்டினார்கள். 1978 இல் குடிமக்கள், அதிலும் பிள்ளைபெற்ற தாய்மார், கிளர்ந்தெழுந்தார்கள். 1980 இல் சட்டம் வந்தது. நஞ்சு நிலங்களை ஆபத்தின் தரப்படி வரிசைப்படுத்திப் பகிரங்கப் பட்டியல் வெளியிட வேண்டும். மாசு செய்தவனிடம் செலவை அறவிட வேண்டும். துப்புரவின் பின்னும் நஞ்சு எஞ்சியிருக்கும் இடத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அங்கும் எல்லாம் பொன்னாக நடக்கவில்லை. அந்நிதிக்கென விதித்த வரி 1995 இல் காலாவதியாயிற்று. 2021 இலும் 2022 இலும் இயற்றிய சட்டங்களாற்றான் மீண்டும் உயிர்பெற்றது. இடையில் கால் நூற்றாண்டு பொதுமக்கள் வரிப்பணத்தில் பெரும்பகுதி வேலை தள்ளாடியது. ஆயினும் பட்டியல் இருந்தது. எது முடியவில்லை என்பதை எந்தக் குடிமகனும் விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருந்தது.

தமிழகத்துக் கொடைக்கானலில் நடந்தது நமக்கு இன்னும் அண்மையான பாடம். இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வெப்பமானித் தொழிற்சாலை அங்கே இருந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய சாமான் கடையொன்றிற் கண்டுபிடிக்கப்பட்டு, 2001 இல் தொழிற்சாலை மூடப்பட்டது. மண்ணைத் துப்புரவு செய்ய எல்லாரும் சம்மதித்தார்கள். ஆனால் எவ்வளவு துப்புரவு? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சலாம் என்ற அளவை அதிகாரிகள் ஏற்றனர். மலையும் காடும் நீரூற்றும் உள்ள இடத்திற்கு அது போதாது, இன்னும் கண்டிப்பு வேண்டும் என்று ஊராரும் ஆர்வலரும் ஆண்டுக்கணக்காகப் போராடினர். துப்புரவு என்ற சொல்லுக்குள்ளேயே எத்தனை பேரம் ஒளிந்திருக்கிறது என்பதைப் பாருங்கள்! எந்த அளவு வரை என்பதை முதலில் மக்கள் அறிய எழுதாவிட்டால், முடிந்தது என்று சொல்லப்படும் நாளில் என்ன முடிந்தது என்று எவருக்கும் தெரியாது.

பணம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணிவெடிக்கு வெளிநாட்டார் கொடுத்தார்கள். கறுப்பு நீருக்கு யார் கொடுப்பார்? நியாயமான கேள்விதான். ஆனால் மாசு செய்தவனே செலவைத் தரவேண்டும் என்ற கோட்பாட்டை உயர் நீதிமன்றம் 2019 இல் சுன்னாக வழக்கில் நடைமுறைப்படுத்திக் காட்டியிருக்கிறது. அதற்கு முன்பே 2000 ஆம் ஆண்டில் எப்பாவலைப் பொஸ்பேற்று வழக்கிலும் அக்கோட்பாடு பேசப்பட்டது. மேலும், நாம் முதலிற் கேட்பது துப்புரவையல்ல, கணக்கை. ஓர் அறிக்கையைத் தமிழில் அச்சிட்டுப் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டுவதற்குச் சர்வதேச நாணய நிதியத்தின் அனுமதி தேவையில்லை.

எண்ணினால் காரியம் நடக்கும் என்பதற்குக் கொழும்பிலேயே சான்று உண்டு. 2017 இற்கும் 2019 இற்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்களில் கழிவு வந்திறங்கியது. அவற்றுள் வைத்தியசாலைக் கழிவும் இருந்ததாகச் சுங்கத்தார் கூறினர். வழக்காயிற்று, உலகச் செய்தியாயிற்று. 2022 பெப்ரவரியிற் கடைசித் தொகுதியும் வந்தவழியே திருப்பியனுப்பப்பட்டது. கொள்கலனை எண்ணலாம், எண்ணியதை மறைக்க முடியாது, ஆகவே திருப்பியனுப்பினார்கள். மண்ணுக்குள் ஊறியதை எவரும் எண்ணுவதில்லை. ஆகவே அது கிடக்கிறது.

இது வெறும் சுகாதாரப் பிரச்சினையல்ல, அதிகாரப் பிரச்சினை என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987 இல் மாகாண சபைகளை ஆக்கியபோது, மாகாணத்துள் சுற்றாடலைக் காக்கும் விடயத்தில் அவற்றிற்கும் பங்கு கொடுத்தது. அந்தப் பங்கைப் பயன்படுத்தி, 1990 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க நியதிச் சட்டத்தால் வடமேல் மாகாணம் தனக்கென ஒரு சுற்றாடல் அதிகாரசபையை நிறுவிக்கொண்டது. குருநாகலிலும் புத்தளத்திலும் உரிமம் கொடுப்பது அந்த மாகாண அதிகாரசபையே. சிங்கள மாகாணம் ஒன்று அமைதியாகச் செய்துகொண்ட காரியம் இது! அதிகாரப் பரவலாக்கம் நாட்டைப் பிளக்கும் என்று முழங்கும் எவரும் குருநாகல் பிளந்துபோயிற்று என்று இதுவரை சொல்லக் கேட்டிலம். கிழக்கு மாகாண சபை 2008 முதல் 2017 வரை இருந்தது. அந்த ஒன்பது வருடத்தில் அத்தகைய ஒரு நியதிச் சட்டத்தை ஆக்கி, இந்த வாவிக்கென ஒரு காவலை நிறுவியிருக்கலாம். கதிரைக்குப் போட்டியிட்ட நேரத்தில் அரை நேரம் அதற்குச் செலவிட்டிருந்தாலே போதும். 2017 இல் சபையின் காலம் முடிந்த பின்னரோ தேர்தலையே காணோம். மாகாணம் ஆளுநரின் கையிற் கிடக்கிறது. மாகாண சபைத் தேர்தலைக் கேட்கும் நம் பிரதிநிதிகள், சபை கிடைத்தால் இதைச் செய்வோம் என்று இன்றே எழுதித் தரட்டும். வெறும் சபைக்காகச் சபை என்பதில் உழவனுக்கு ஆர்வமில்லை.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் இரசாயன ஆசிரியர்களும், நகரின் வைத்தியர்களும் பொறியியலாளரும், கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் ஒரு மேசையிற் கூடினால், திருப்பெருந்துறையைச் சூழ்ந்த கிணறுகளையும் வாழைச்சேனைக் களப்பின் அடிச்சேற்றையும் மாரிக்கு முன் ஒருமுறை, மாரிக்குப் பின் ஒருமுறை அளந்து பதிவிடுவது ஆகாத காரியமல்ல. அரசாங்கத்தின் எண்ணோடு ஒப்பிட நம் கையில் ஓர் எண் வேண்டும். அகற்றுபவர் வேறு, சோதிப்பவர் வேறு என்ற அந்தக் கண்ணிவெடி ஒழுங்கின் பாதியை மக்களே இவ்வாறு உண்டாக்கிக்கொள்ளலாம்.

அரசாங்கத்தின் எண்ணைப் பெறுவதற்கும் வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்நாட்டுப் பிரஜை எவருக்கும் உரியது. ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். கேள்வி போய்ச் சேர்ந்து 14 வேலை நாட்களுக்குள் கொடுப்போம் அல்லது மறுப்போம் என்று அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. தமிழில் எழுதுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் கூறுகிறது; சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ விடை வந்தால் அதனைத் திருப்பியனுப்புங்கள். கேள்வி நீளமாக வேண்டியதில்லை. இந்த இடம் உங்கள் பதிவில் இருக்கிறதா? கடைசியாக எப்போது மண்ணும் நீரும் சோதிக்கப்பட்டன? என்ன அளவு வந்தது? எந்த அளவிற்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறீர்கள், எந்த நாளுக்குள், யார் செலவில்? இவ்வளவே போதும்.

திருப்பெருந்துறையைப் பற்றி மாநகரசபையிடமும், வாழைச்சேனையைப் பற்றிச் சுற்றாடல் அதிகாரசபையிடமும் அவ்வவ்வூரார் கேட்கட்டும். சுன்னாகத்தில் அன்று கெட்டிருந்த 109 கிணறுகளிலும் இன்றைக்கு எண்ணெய் எவ்வளவு என்ற கேள்வியை நாமே இவ்வாரம் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு அனுப்புகிறோம். 14 வேலை நாட்களுக்குள் வரும் விடையை, வராவிடில் வரவில்லை என்பதை, இதே பக்கத்தில் வெளியிடுவோம்.